காலிப் பட்டியலுக்கு என்ன பதில்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. நான் எழுதியதை யாராவது படிக்கிறார்களா என்று பல வருஷம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. பக்கம் பக்கமாக எழுதி வைப்பேன். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் நேராகப் போனைப் போட்டு, "ஏம்மா, இதுல எந்தப் பட்டன அமுக்கணும்?" என்பார். "முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன்ணே" என்றால், "அதையெல்லாம் யாரு படிக்கிறது, நீயே சொல்லிரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித்தான் தொலைப்பேன்.

கொஞ்ச காலத்துக்கு முன்பு நிலைமை தலைகீழாக மாறியது. நான் எழுதும் ஒவ்வொரு வார்த்தையையும் ஒன்று விடாமல் படித்து, அதில் உள்ளபடியே நடக்கிற ஒரு வாசகர் எனக்குக் கிடைத்தார். மனிதர் இல்லை, ஏஐ ஏஜென்ட். நாம் பேச்சில் ஒரு கேள்வி கேட்டால், அதற்குப் பதில் எங்கே கிடைக்கும் என்று தானே தேடி, தேவையான கருவியை இயக்கி, விடையை எடுத்துவந்து சொல்கிற நிரல். எந்தக் கருவி எதற்கு, அது தரும் விடைக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதற்கு எழுத்தில்தான் தெரியும். அந்த எழுத்தை எழுதுவது நான். இம்புட்டுக் காலம் கழித்து ஒரு வாசகர் வாய்த்த சந்தோஷத்தில் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

எங்கள் ஆபீஸ் திருப்பரங்குன்றத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். கீழே குடம் விழுந்தால் மேலே மீட்டிங் நிற்கும். கிளைகள் உள்ள கடைகளுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஒவ்வொரு கிளையின் பில்லும் சரக்குக் கணக்கும் தலைமைக் கடையின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேருவதை ஆபீசில் சிங்க் என்போம். எந்தக் கடையிலிருந்து எப்போது வந்தது, முழுதாக வந்ததா, பாதியில் அறுந்ததா என்று எடுத்துச் சொல்லும் கருவி சிங்க் ஹிஸ்டரி. ஏஜென்ட் அதைப் பயன்படுத்துவதற்கான விளக்கத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

கருவியைச் செய்தவர் எங்கள் புரோகிராமர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் மாப்ள, எனக்கு மட்டும் தம்பி. அவரிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"கடைப் பேரு குடுக்கணும், தேதி குடுக்கணும். தேதி குடுக்கலைன்னா இன்னைக்கு வந்தது மட்டும் பட்டியலா வரும். அம்புட்டுத்தேன்க்கா."

"ஒண்ணுமே வரலைன்னா?"

"காலிப் பட்டியல் வரும்."

"அதுக்கு என்ன தம்பி அர்த்தம்?"

"காலின்னு அர்த்தம்."

இவரை வைத்துக்கொண்டு நான் கையேடு எழுதி வெளங்கின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் எழுதி முடித்தேன். கடைசியில் அந்தக் காலிப் பட்டியலுக்கு வந்தபோது இப்படி எழுதினேன்: "பட்டியல் காலியாக இருந்தால், தகவல் இன்னும் வந்து சேரவில்லை, விரைவில் வந்துவிடும்." படித்துப் பார்த்தேன். மரியாதையாக, இதமாக இருந்தது. திருப்தியோடு அனுப்பிவிட்டேன்.

இந்த ஏஜென்டை முதலில் வாங்கியவர் டவுனுக்குள் மொத்த மருந்துக்கடை வைத்திருக்கும் பாய். அவருக்கு ஆரப்பாளையத்திலும் திருப்பரங்குன்றத்திலும் டி. கல்லுப்பட்டியிலும் கிளைகள். தினமும் காலையில் மருந்து ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும். அதற்கு முன்னால் பாய் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "இன்னைக்கு எந்தக் கடைக்கு என்ன ஏத்தணும்?" என்று கேட்பார். ஏஜென்ட் ஒவ்வொரு கடையாகப் பார்த்துச் சொல்லும். பழைய கணக்கை நம்பி மருந்து அனுப்பி, அது கிளையில் கிடந்து காலாவதியாகிக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். அதனால் அன்றைய தகவல் வராத கடைக்கு அன்று வண்டி போகாது என்று கறாராக ஒரு விதி போட்டிருந்தார். மற்றபடி ஏஜென்டின் பேச்சில் அவருக்குப் பரம சந்தோஷம். "மாஷா அல்லா, நம்ம கவுண்டர்ல நிக்கிற ஆளு மாதிரியே தன்மையா பேசுதும்மா" என்று எனக்கே போன் போட்டுச் சொன்னார். நான் தரையில் நிற்கவில்லை.

ஒரு நாள் மதியம் ஆபீஸ் போன் அடித்தது. எங்களுடையது சின்ன ஆபீஸ், கையேடு எழுதுகிறவள்தான் போனையும் எடுக்க வேண்டும். பேசியது கல்லுப்பட்டிக் கிளையை நடத்தும் பெண். மருந்தாளுநர் படிப்பு படித்தவர். அந்தப் பக்கத்தில் காடு கரை உழுகிற சம்சாரி வீடு. கடையில் வேறு ஆள் கிடையாது, எல்லாம் அவர்தான்.

"அக்கா, நான் ஒரு நாள் விடாம அனுப்புறேன்க்கா. ஆனா பாய்கிட்ட கேட்டா, வரலைன்னு மெஷின் சொல்லுதுங்கிறாரு. வண்டி வரமாட்டேங்குது. மருந்து இல்லாம யாருக்கா கடைக்கு வருவா? யாவாரம் படுத்துருச்சு. மாசக் கடைசியில கடைய மூடிருவோம்னு சொல்லிட்டாரு."

"மூடிட்டா நீங்க?"

"டவுனுக்கு வேலைக்கு வாங்கிறாரு. பிள்ளைகள விட்டுட்டு எப்படிக்கா தெனமும் வர்றது? வீட்ல, இருந்த வரைக்கும் போதும், பேசாம வீட்ல இருங்கிறாங்க. இந்தக் கடைக்காக நான் அம்புட்டுச் சண்டை போட்டிருக்கேன்க்கா." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. படித்த படிப்புக்கு வேலை பார்க்க வீட்டில் மல்லுக்கட்டுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டுத் தம்பியின் மேசைக்குப் போனேன். அவர் கருவியை ஓட்டிப் பார்த்தார்.

"டூல் சரியாத்தேன் இருக்கு. இன்னைக்குக் கல்லுப்பட்டியில இருந்து ஒண்ணும் வரல. காலி."

"அந்தப் பொண்ணு அனுப்புறேன்னு அழுகுது."

"எப்பம் அனுப்புதாம்?"

அதைக் கேட்கவில்லை. திரும்பவும் போனில் கேட்டிருக்கலாம்தான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: புரியாத இடம் வந்தால் பஸ் ஏறிவிடுவேன். எங்கள் முதலாளி இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். அன்றும், "கையேடு எழுதுறவங்களுக்கு எதுக்கும்மா பஸ் டிக்கெட்?" என்றார். "படிக்கிறவங்க மூஞ்சியைப் பாக்காம எழுதுனா இப்படித்தான் சார் ஆகும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை கிளம்பினேன்.

திருமங்கலத்தில் மாறி, ராஜபாளையம் பஸ் பிடித்தேன். கரிசல் காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வழி நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சின்னக் கடைதான், ஆனால் அம்புட்டுச் சுத்தம். அலமாரிகளில் பாதி வெறிச்சென்று இருந்தது. இருக்கிற டப்பாக்களை முன்னால் இழுத்து வைத்து, பின்னால் உள்ள காலியிடம் தெரியாமல் அடுக்கியிருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லவா?" என்றார். டீ வருவதற்குள் விஷயம் வந்துவிட்டது. ரோடு தோண்டியதில் நெட் கேபிள் அறுந்து கிடக்கிறது. அதனால் பகலெல்லாம் பில்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே சேர்ந்திருக்கும். ராத்திரி கடை அடைக்கும்போது தன் போனிலிருந்து நெட் கொடுத்து மொத்தத்தையும் அனுப்பிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். எல்லாம் முழுதாகப் போய்ச் சேரும். மறுநாள் காலை பாய் கேட்கும்போது இவர் கடையையே திறந்திருக்க மாட்டார். புதுப் பில் எதுவும் இருக்காது, அனுப்பவும் ஒன்றும் இருக்காது. ஏஜென்ட் தேதி கொடுக்காமல் இன்றைக்கு மட்டும் பார்க்கும். காலி என்று வரும். ஆரப்பாளையத்துக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்காக விடியும்போதே கடை திறந்து பில் போட்டுவிடுகிறார்கள், திருப்பரங்குன்றத்திலும் கோயில் கூட்டம். அவர்களுக்கு இந்தத் தொல்லை வரவே இல்லை.

பாதிப் புதிர் அவிழ்ந்தது. ஆனால் ஒன்று இடித்தது. நேற்று ராத்திரி வரைக்கும் வந்திருக்கிறது என்று ஏஜென்ட் ஏன் சொல்லவில்லை? ஒரு நாள் பின்னால் தள்ளிப் பார்த்தால் தெரிந்திருக்குமே. அது முட்டாள் இல்லை. எது அதைத் தடுத்தது?

அப்போது ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு, கையில் மடித்த மருந்துச் சீட்டு. சர்க்கரைக்குப் போடும் ஊசி மருந்து கேட்டார்.

"நாளைக்கு வந்துரும்யா" என்றார் கடைக்காரப் பெண்.

"நேத்தும் இதத்தேன் சொன்ன."

"வண்டி வந்துரும்யா. நாளைக்கு வாங்க."

பெரியவர் சலித்துக்கொள்ளாமல் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, திருமங்கலம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

"வண்டி வருமான்னே தெரியாதே. ஏன் அவர்கிட்ட வரும்னு சொன்ன?" என்று கேட்டேன். வாங்க போங்க எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தது.

"பின்ன என்னக்கா, கடையில நின்னுக்கிட்டு இல்லைன்னா சொல்ல முடியும்?" என்றார் அவர், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

ஆத்தாடி! எனக்குச் சுருக்கென்றது. விரைவில் வந்துவிடும். என் வரி! எந்தக் கடையிலும் வாய் திறந்து இல்லை என்று சொல்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தாலும் வாங்கணும் என்போமே தவிர, இல்லை என்ற சொல் அடுப்படியில் வரக் கூடாது. அந்தப் பழக்கத்தில், காலிப் பட்டியலைப் பார்த்ததும் கடைக்காரி மாதிரி 'நாளைக்கு வாங்க' என்று எழுதிவைத்திருக்கிறேன். மனிதர்களுக்கு அது பழகிய பேச்சு. வரும் என்றால் வராமலும் போகலாம் என்று எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெரியவருக்குத் தெரிந்த மாதிரி. என் புது வாசகருக்கு அது தெரியாது. விரைவில் வரும் என்று கையேடே சொல்லிவிட்ட பிறகு அது எதற்கு மேற்கொண்டு தேடப் போகிறது? தினமும் காலையில் பாயிடம் போய், கல்லுப்பட்டித் தகவல் விரைவில் வந்துவிடும் என்று தன்மையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பாய் நம் ஊர்க்காரர். தினமும் வரும் வரும் என்றால் அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் சாக்குச் சொல்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். பிறகு டீயைக் குடித்தேன். "மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. நீ வழக்கம் போல அனுப்பு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நானும் ஒரு வகையில் 'நாளைக்கு வாங்க' என்றுதானே சொல்லியிருந்தேன்.

ஆபீசுக்கு வந்த கையோடு அந்த இடத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். "பட்டியல் காலியாக இருந்தால், கேட்ட நாளில் எந்தத் தகவலும் வரவில்லை என்று மட்டுமே பொருள். இனி வரும் என்று சொல்லாதே. கடை அனுப்பத் தவறியது என்றும் சொல்லாதே. முந்தைய நாட்களைக் கேட்டுப் பார். கடைசியாக எப்போது வந்தது, முழுதாக வந்ததா என்று சொல். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்." இதமாக ஒரு சொல்கூட இல்லை. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "டூல்ல ஒரு வரி மாத்தலையேக்கா?" என்றார். "டூல் சரியாத்தேன் தம்பி இருக்கு. நாந்தேன் சரியில்ல" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளிதான் முறுக்கிக்கொண்டார். "காலங்காத்தால பாய்கிட்ட மெஷினு 'எதுவும் வரல'ன்னு மொட்டையாச் சொல்லவா? மனுசன் போணிக்கு முன்னாடி இந்தப் பேச்சைக் கேட்டா நம்மளத் தூக்கி எறிஞ்சிருவாரும்மா. அந்தத் தன்மைக்காகத்தான் அவரு வாங்குனதே."

"அந்தத் தன்மையிலதான் சார் ஒரு பொண்ணோட கடை போகப் போகுது."

"அது அவங்க வீட்டு விவகாரம்."

"நம்ம எழுதுனத நம்பித்தான் சார் அவரு மூடப் போறாரு. எழுதுனது நான். அப்ப இது என் விவகாரம்." என் குரல் கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "பாய்கிட்ட நானே நேர்ல போயிச் சொல்லிக்கிறேன். அவரு கோவிச்சா என் தலைமேல போடுங்க" என்றேன். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. ஆனா சண்டை போடாம பேசுங்க" என்றார்.

மறுநாள் காலை பாய் கடையில் இருந்தேன். வாசலில் வண்டி நின்றது, ஆட்கள் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணி வாசம். "என்ன தங்கச்சி, இம்புட்டுக் காலையில?" என்றார் பாய். "உங்க ஏஜென்டுக்குப் புதுசா ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்கோம் பாய். எப்படிப் பேசுதுன்னு பாக்க வந்தேன்" என்றேன். அவர் போனை வாய்க்கு நேராகப் பிடித்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

ஆரப்பாளையத்துக்குச் சொன்னது. திருப்பரங்குன்றத்துக்குச் சொன்னது. அப்புறம், "கல்லுப்பட்டிக் கடையிலிருந்து இன்று எந்தத் தகவலும் வரவில்லை" என்றது.

பாய் முகம் சுருங்கியது. பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்ந்து பார்த்தார்.

போன் நிறுத்தவில்லை. "கடைசியாக நேற்று இரவு கடை அடைக்கும் நேரத்தில் வந்தது. முழுதாக வந்திருக்கிறது. அதன்படி இருக்கும் சரக்கைச் சொல்லவா?"

பாய் போனையே பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்த மாசம் பூரா அந்தக் கடை எப்படின்னு சொல்லு" என்றார்.

"இந்த மாதம் ஒரு நாள் விடாமல் இரவில் தகவல் வந்திருக்கிறது. எதுவும் தோல்வியடையவில்லை."

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாக, "கேபிள் அறுந்துருச்சு பாய். அந்தப் பொண்ணு தன் போன்ல இருந்துதான் நெட் குடுத்து ராத்திரி அனுப்புது. வரும் வரும்னு ஏஜென்ட உங்ககிட்டச் சொல்ல வச்சது என் எழுத்துதான், அந்தப் பொண்ணு இல்ல" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, கல்லுப்பட்டிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது தெரிந்து போட்டாரா தெரியாமலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"ஏம்மா, தெனமும் ராத்திரி அனுப்பிச்சுக்கிட்டா இருந்த?"

"ஆமா பாய்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. "சொன்னேனே பாய். மெஷின் சொன்னதத்தேன் நீங்க நம்புனீங்க."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவருக்குச் சட்டென்று மன்னிப்புக் கேட்க வராது, நம் ஊரில் யாருக்குத்தான் வருகிறது? "என்னென்ன இல்லைன்னு சொல்லும்மா" என்றார் கடைசியில். அந்த இல்லையை அவர் வாயாலேயே சொன்னார், அதுவும் போணிக்கு முன்னால்! அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அவரே ஆட்களிடம் குரல் கொடுத்து எடுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இப்படியே பேசட்டும் தங்கச்சி. தன்மையா நான் பேசிக்கிறேன்" என்றார்.

திருப்பரங்குன்றம் வரைக்கும் வண்டியிலேயே வந்து இறங்கிக்கொண்டேன். ஆபீசில் வேலையே ஓடவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"அக்கா, வண்டி வந்துருச்சுக்கா! அடுக்கிக்கிட்டே பேசுறேன். இந்த மாசக் கடைசியில மூடலையாம், பாயே சொல்லிட்டாரு. கேபிளுக்கும் ஆள் அனுப்புறாராம்." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன், துடைக்கவில்லை.

"ஒரு நிமிசம்க்கா, ஆள் வந்திருக்கு" என்றார். போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பழகிய குரல், அந்தப் பெரியவர்தான், அலுப்பாகக் கேட்டார்: "இன்னைக்காச்சும் வந்துச்சா, இல்ல நாளைக்கா?"

"இருக்குய்யா" என்றார் அவர். "எம்புட்டு வேணும்?"